74 கணவாய்களைத் திறந்து மூடியவன் யார்?

'பொன்னியின் செல்வன்' மீது தமிழ் வாசகருக்கு இருப்பதைப் பக்தி என்றுதான் சொல்ல வேண்டும். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்த தொடர்கதை, ஐந்து பாகம். எழுதியவர் 1954 டிசம்பரில் செத்துப்போனார். கதை சாகவில்லை. 1999இல் அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கிய பிறகு கண்ட பதிப்பகமெல்லாம் மலிவு விலையில் போட்டது. அதே 1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மேஜிக் லேண்டர்ன் குழு நாடகமாக நடத்தியது. 1958இல் எம்.ஜி.ஆர். எடுக்க நினைத்து முடியாமல்போன படத்தை, ஆழ்வார்பேட்டை மெட்ராஸ் டாக்கீஸின் மணிரத்னம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார். அதே ஆழ்வார்பேட்டையின் கமல்ஹாசன்தான் படத்துக்கு முன்னுரைக் குரல்.

இந்தக் காதலை எள்ளி நகையாடுவது நமது வேலையில்லை. முற்போக்கு முகாமில் சிலர் 'மன்னர் காலக் குப்பை' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். குப்பையென்றால் சேரிப் பிள்ளைகளும் ஏன் இதை விடிய விடியப் படித்தார்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. என்னிடம் ஒரு பதில் உண்டு. வந்தியத்தேவனைப் பாருங்கள். கையில் ஒரு ஓலை, ஏற ஒரு குதிரை, வாய் நிறையப் பேச்சு. நாடில்லை, நிலமில்லை. ஆனாலும் கடம்பூர் மாளிகை, தஞ்சைக் கோட்டை, பழையாறை அந்தப்புரம், சுரங்கவழி என்று அவன் நுழையாத இடமில்லை. கோயில் வாசல், பொதுக்கிணறு, மேலத்தெரு என்று ஒவ்வொன்றிலும் தடுத்து நிறுத்தப்பட்ட சனங்களின் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கனவு எது? எந்தக் கதவும் அவனுக்குச் சாத்தப்படவில்லை என்பதுதான் அந்தப் பக்கங்களின் இன்பம்.

கனவுக்குள்ளும் ஒரு காவல்காரன் நிற்கிறான் என்பது நிதானமாகப் படிக்கும்போதுதான் தெரிகிறது. வந்தியத்தேவன் சும்மா ஒருத்தன் இல்லை, நாடிழந்த வாணர் குலத்து வாரிசு. குலச்சீட்டு கையில் இருப்பதால்தான் கதவு திறக்கிறது.

சேந்தன் அமுதன் கதையில் இது இன்னும் அப்பட்டம். பூக்கட்டி வாழும் ஊமைத் தாய்க்கு மகனாகக் குடிசையில் வளர்கிறவன். அன்பானவன், ஆசையில்லாதவன், சிவபக்தன். கடைசியில் அவன்தான் செம்பியன் மாதேவி பெற்ற நிசமான அரசகுமாரன் என்கிறார் கல்கி. அவனுக்குப் பதிலாக அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனோ கோழை, பதவிப் பித்துப் பிடித்தவன். அவன் யார் வயிற்றுப் பிள்ளை? கோடிக்கரை ஓடக்காரக் குடும்பத்து மந்தாகினியின் பிள்ளை. தகப்பன் பாண்டியன் என்று கதை கோடி காட்டினாலும், வாசகன் மனசில் தங்குவது ஒன்றுதான்: குடிசையில் வளர்ந்தாலும் ராச ரத்தம் ராச ரத்தம்தான், அரண்மனையில் வளர்ந்தாலும் ஓடக்காரி பிள்ளை தேறாது. மனுநீதியை இவ்வளவு இனிப்பாக யாரும் ஊட்டியதில்லை.

என் அம்மா ஆழ்வார்பேட்டையில் வீட்டுவேலை பார்த்தவர். வேலை பார்த்த ஒரு வீட்டை இடித்து ஃபிளாட் கட்டியபோது பழைய பேப்பர்காரனுக்குப் போகவேண்டிய பைண்டு வால்யூம்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. மணியம் படங்களோடு, நடுநடுவே பழைய விளம்பரங்களோடு. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் வாசிப்பேன், அம்மா கேட்பார். படகோட்டும் பூங்குழலி வந்தால் "இன்னொருக்கா படி" என்பார். ஊமை ராணி மந்தாகினி வந்த இடத்தில் ஒருநாள் கேட்டார்: "அவளுக்கு மட்டும் ஏன்டா வாயில்லாமப் பண்ணிட்டான் எழுதுறவன்?" கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அவ வாயத் தொறந்தா கதை முடிஞ்சிடும்ல."

எம்.ஏ. வகுப்பில் நான் கேட்ட எந்த விமர்சனமும் இந்த ஒரு வரிக்கு ஈடாகவில்லை. சோழ மன்னனைக் காதலித்தவள், அவன் மகனைக் காவிரியிலிருந்து காப்பாற்றியவள், கடைசியில் மன்னனுக்கு வந்த வேலைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாகிறவள். இத்தனையும் செய்தவளுக்கு ஒரு சொல் பேச அனுமதியில்லை. அவளைத் தெய்வமாக்க முடிகிறது, பட்டத்தரசியாக்க முடியவில்லை. நந்தினியும் அப்படித்தான். பிறப்பு தெரியாத, அர்ச்சகர் வீட்டில் வளர்ந்த பெண் என்பதால் ஆதித்த கரிகாலனோடு சேரவிடாமல் அரண்மனை விரட்டுகிறது. நாவலின் அத்தனை ரத்தமும் அந்த ஒரு மறுப்பிலிருந்து வழிகிறது. சாதி தாண்டிய காதலுக்காக 2016இல் உடுமலைப்பேட்டைக் கடைவீதியில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்த நாட்டில் நந்தினியை வெறும் வில்லியாக எப்படிப் படிக்க முடியும்?

'நாவல்தானே, வரலாறா?' என்பார்கள். கல்கியே கல்வெட்டைத் தேடிப் போனவர்தான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் பேர் சொல்கிறது. அதில் ரவிதாசனின் பட்டம் பஞ்சவன் பிரம்மாதிராசன். நிலத்தைப் பறிக்கும் ராசராசனின் ஆணை பிராமணச் சபைக்குப் போகிறது. நாவலிலோ அவன் மந்திரவாதி, சுடுகாட்டில் ஆந்தைபோல அலறுகிறவன். அறிவும் சாணக்கியமும் அநிருத்தப் பிரமராயருக்கு, பில்லி சூனியம் ரவிதாசனுக்கு. பங்கீடு எப்படி?

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் ராசராசன் காலத்து ஊர்களின் வரிநீங்கிய நிலங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலே பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது, செத்தபின் கிடக்கப் பறைச் சுடுகாடு தனியாக வருகிறது. ஐந்து பாகத்திலும் வந்தியத்தேவன் குதிரை இந்தச் சேரிப் பக்கம் திரும்பவில்லை. ஆயிரம் வருசத்துக்கு முன் கல்லில் வெட்டிய சேரி, 1950இல் காகிதத்துக்கு வரும்போது காணாமல் போகிறது. காதல் எதை மறக்கச் சொல்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

மறக்க மறுத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2019 ஜூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. ரஞ்சித், ராசராசன் காலத்தில்தான் எங்கள் நிலம் பறிபோனது என்று பேசினார். வழக்குப் பாய்ந்தது. 2022இல் படம் வந்ததும் ராசராசன் இந்துவா, சைவனா என்று நாடே விவாதித்தது. வெற்றிமாறன் பேசினார், கமல்ஹாசன் ஆதரித்தார், டி.வி.யில் பட்டிமன்றம். தேவையான விவாதம்தான். ஆனால் அவன் காலத்துத் தீண்டாச்சேரியில் இருந்தவன் இந்துவா சைவனா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வீரநாராயண ஏரிக்கு 74 கணவாய்கள் என்று நாவல் தொடக்கத்திலேயே எண்ணிச் சொல்கிறது. ஆடிப்பெருக்கு, தளும்பும் தண்ணீர், குதிரைமேல் வீரன், எல்லாம் அழகு. அந்த 74 கணவாயையும் திறந்து மூடியவன் யார்? ஏரிக்கு மண் சுமந்தவள் யார்? மழையிரவில் மடை காத்தவன் பேர் என்ன? தமிழ்நாட்டின் பல ஊர்களில் நீர் பாய்ச்சும் வேலை தலித்துகள் தலையில்தான் விழுந்தது. பாய்ந்த நிலமோ அவர்களுடையது இல்லை.

அந்த ஏரிப்பக்கத்துக் காட்டுமன்னார்கோயில்தான் இளையபெருமாளைப் பெற்ற ஊர். கல்கியில் தொடர் ஓடிக்கொண்டிருந்த 1952இல் அவர் நாடாளுமன்றம் போனார். அவர் தலைமையிலான குழு 1969இல் கொடுத்த அறிக்கை, இந்தியா முழுக்கத் தீண்டாமை எப்படி உயிரோடிருக்கிறது என்று ஊர் ஊராகச் சொன்னது. நாவல் நடந்த இடங்களைப் பார்க்க வாசகர்கள் இன்றும் கூட்டமாகப் பயணம் போகிறார்கள். ஏரிக்கரையில் நின்று வந்தியத்தேவனை நினைக்கிற எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்?

2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. தண்ணீர் வந்துவிட்டது, ஏரிக்கரைச் சனத்தின் கதை இன்னும் வரவில்லை. 'பொன்னியின் செல்வ'னைப் படியுங்கள் தோழர்களே, ஆசை தீரப் படியுங்கள். படித்து முடித்ததும் தஞ்சைக் கல்வெட்டையும் இளையபெருமாள் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து மறுபடி ஒருமுறை படியுங்கள். மந்தாகினி வாய் திறக்கும் ஆறாம் பாகத்தை எழுதவேண்டியது நாம்தான்.