உண்டிவில்லும் அரைக்கால் சட்டையும்

முப்பதை நெருங்கும் ஒருவர் அரைக்கால் சட்டை, மொன்றியல் கனடியன்ஸ் ஹாக்கி அணியின் பனியன், தலையில் தொப்பி, கையில் உண்டிவில் என்று மேடையில் வந்து நிற்கிறார். தெருப்பையன் ஃப்ரிடோலின். 1938 முதல் 1946 வரை ஆண்டுக்கு ஒரு புது நிகழ்ச்சியாக, மொன்றியலின் மொன்யுமான்-நசியோனல் அரங்கம் இந்தப் பையனுக்காக நிரம்பியது.

அவனைப் படைத்தவர் கிராசியன் ஜெலினா. 1909இல் கியூபெக்கின் சேன்-தீத்தில் பிறந்தவர். பகலில் காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கு வேலை, மாலையில் நாடகம் என்று பல ஆண்டுகள் ஓட்டினார். ஃப்ரிடோலின் முதலில் 1937இல் வானொலியில்தான் பேசினான்; மேடை பிறகு வந்தது. எழுதியதும் அவர், நடித்ததும் அவர்.

பாரிஸ் உச்சரிப்பே மேடைக்குத் தகுந்தது என்று நம்பிய ஊரில், மொன்றியல் தெருவின் பிரெஞ்சு பேசிக்கொண்டு வந்தான் ஃப்ரிடோலின். அவன் பேச்சில் அரசியல் வரும், குடும்பம் வரும், போர்க்காலக் கெடுபிடியும் வரும். பெரியவர்கள் சபையில் சொல்லத் தயங்கியதைச் சிறுவன் வாயால் சொல்லவைத்ததுதான் ஜெலினாவின் சாமர்த்தியம். தனியாளாக நின்று எதிரே இருப்பவர்களிடம் நேராகப் பேசும் அந்தப் பழக்கம், அடுத்து வந்த பெரிய நாடகத்துக்கும் உயிர் கொடுத்தது.

1946 நிகழ்ச்சியில் போரிலிருந்து திரும்பும் ஒரு சிப்பாயைப் பற்றிய சிறு காட்சி இருந்தது. அது வளர்ந்து, 1948 மே மாதம் 'தி-கோக்' என்ற முழு நாடகமாக அதே அரங்கில் ஏறியது. தி-கோக் தகப்பன் பெயர் தெரியாத சிப்பாய். தோழன் வீட்டுக் கிறிஸ்துமஸுக்குப் போனவன், அவன் தங்கை மரி-ஆன்ஜ் மீது காதல் கொள்கிறான். போர் முடிந்து வருவதற்குள் அவளுக்கு வேறொருவனோடு கல்யாணம் ஆகிவிடுகிறது. ஓரிடத்தில் தன் ஆசையைச் சொல்கிறான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மனைவியோடும் குழந்தையோடும் டிராமில் ஏறி உறவினர் வீட்டுக்குப் போகவேண்டும். அவ்வளவுதான். வீரவசனம் எதுவும் இல்லாத இந்தச் சின்ன ஆசையில்தான், சொந்தபந்தம் என்று எவருமே இல்லாதவனின் முழுத் துயரமும் நமக்குத் தெரிகிறது. கடைசியில் இருவரும் ஓடிப்போக நினைக்கும்போது ராணுவப் பாதிரியார் தடுக்கிறார்: பிறக்கும் பிள்ளையும் உன்னைப் போலத்தானே வளரும்?

கனடாவில் ஐந்நூறு முறைக்கு மேல் மேடையேறிய இந்த நாடகம், 1951இல் நியூயார்க்கில் மூன்றே காட்சிகளோடு நின்றது. சொந்த ஊர் மக்களின் பேச்சை நம்பி எழுதிய நாடகம் அது. அதை அங்கே கிடைத்த வரவேற்பால் அளப்பது நியாயமில்லை. 1953இல் ஜெலினா இதைப் படமாக்கி, முக்கிய வேடத்தையும் தானே ஏற்றார். மேடையில் பார்க்கும் வாய்ப்பில்லாத நாம் அவர் நடிப்பை அந்தப் படத்தில் பார்க்கலாம்.