பீர் திருவிழாவை ரசிக்கும் விதம்

மே மாதத்தில் கேம்பிரிட்ஜுக்குப் போகிறவர்கள் கல்லூரிக் கோபுரங்களையும், கேம் நதியில் கழி ஊன்றித் தள்ளும் படகுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதே வழக்கம். நதிக்கரையை ஒட்டி ஜீசஸ் கிரீன் என்று ஒரு விசாலமான புல்வெளி இருக்கிறது. அங்கே பெரிய கூடாரம் அடித்து ஒரு வார காலம் நடத்தப்படும் பீர் திருவிழாவில், மனத்துக்கு உகந்த மூன்று நான்கு சிநேகிதர்களோடு ஒரு பகல் முழுவதையும் அவசரமின்றிக் கழிக்கிற பாக்கியம் பெற்றவர்கள், அந்த ஊரின் ஸ்வபாவத்தைக் கல்லூரி முற்றங்களில் அறிவதைவிட அதிகமாகவே அறிந்துகொள்வார்கள். பேராசிரியரும் தச்சரும் தபால்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பானத்தின் கசப்பு முன்னே வருகிறதா பின்னே வருகிறதா என்று இத்தனை சிரத்தையோடு தர்க்கம் செய்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இவ்விழா 1974-இல் ஆரம்பமாயிற்று. அதற்கு மூல காரணம் சில வருஷங்கள் முந்தியது. பெரிய கம்பெனிகள் ஊருக்கு ஊர் இருந்த சிறு பீர் ஆலைகளை வாங்கி மூடிவிட்டு, பீரை வடிகட்டி, சூடு காட்டி, உள்ளிருக்கும் ஈஸ்டைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றி, தேசமெங்கும் ஒரே ருசியாக விற்கத் தலைப்பட்ட அந்தக் காலத்தில், 1971-இல், அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போயிருந்த நான்கு இங்கிலீஷ் இளைஞர்கள் கூடிப் பேசித் தொடங்கிய இயக்கமே 'காம்ரா'. பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கும் பீரைக் காப்பாற்றுவது அவர்களுடைய நோக்கம். ஆலையை விட்டுப் புறப்படும்போது அந்தப் பீரில் ஈஸ்ட் இருக்கும். மிச்சமிருக்கும் சர்க்கரையை அது தின்று, பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கச் செய்யும். அதில் பிறக்கிற மெல்லிய வாயுவைத் தவிர வேறு வாயு எதுவும் அதற்கு வேண்டியதில்லை. ஆட்டி வைத்த தோசை மாவு இரவில் பொங்கி, மறுநாள் ஒரு ருசியும் அதற்கு மறுநாள் வேறொரு ருசியும் காட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தத்துவத்தை யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

ஆகவே கூடாரத்துக்குள் நுழைந்ததும், விற்பனைப் பலகைக்குப் பின்னால் படுக்க வைத்திருக்கும் பீப்பாய்களைப் பாருங்கள். பெரும்பாலும் அவை 9 காலன் கொள்கிறவை. ஒன்றில் 72 பைண்ட், அதாவது ஏறக்குறைய 41 லிட்டர் பீர் இருக்கும். மேல்வயிற்றில் ஒரு சிறு மரமுளை செருகியிருக்கும். அதிகப்படியான வாயு அதன் நுண்துளைகள் வழியே கசிந்து வெளியேறும்போது வெண்ணுரை பூத்து முளையைச் சுற்றி வளையமிட்டு நிற்பதைக் கண்டால், உள்ளே இன்னும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நுரை அடங்கி, ஈஸ்ட் அடியில் தங்கிப் பீர் தெளியும் வரை அந்தப் பீப்பாயை யாரும் அசைக்கக் கூடாது. தெளிந்ததும், முகப்பில் இருக்கும் மர அடைப்பின்மேல் குழாயை வைத்து, கொட்டாப்புளியால் ஓங்கி ஒரே அடி; பழகிய கையாக இருந்தால் நாலு சொட்டுக்கு மேல் சிந்தாது. திறந்த பீப்பாய் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். பிறகு காற்றுப் பட்டுப் புளித்துவிடும். இத்தனை பக்குவத்துக்கும் காலத்துக்கும் உட்பட்ட பொருளாதலால், ஒரே பீர் திங்கட்கிழமை ஒரு விதமாகவும் புதன்கிழமை வேறு விதமாகவும் இருப்பது குற்றமல்ல, அதன் குணம்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பீரைச் சீக்கிரம் தெளிய வைப்பதற்கு மீனின் காற்றுப் பையிலிருந்து எடுத்த ஒரு பசையைச் சேர்ப்பது பழைய சம்பிரதாயம். அது சேராத பீர்களும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன; சற்றே கலங்கலாக இருக்கும். கேட்டு வாங்கலாம்.

நண்பர்களோடு போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் கணக்கே. விழாவுக்கென்று தருகிற கண்ணாடித் தம்ளரில் ஒரு பைண்ட், அரை பைண்ட், மூன்றில் ஒரு பங்கு என்று கோடுகள் இருக்கும். ஒரு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர். தனியாகப் போகிறவர் மூன்றில் ஒரு பங்காகவே குடித்தாலும் ஐந்தாறு வகைக்குமேல் நிதானம் தவறாமல் ருசி பார்க்க இயலாது. நால்வர் சேர்ந்து ஆளுக்கொரு வகை வாங்கிக் கைமாற்றிக்கொண்டால், அதே அளவில் இருபது வகைகளின் ரஸம் நாவுக்குக் கிட்டும். எச்சில் பார்க்கிறவர்கள் காலித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி வாங்கிக்கொள்ளலாம். அதைவிட முக்கியமான லாபம், ஒருவர் நாவுக்குத் தட்டாதது மற்றொருவர் நாவுக்குத் தட்டுவது. "இதில் உலர்ந்த திராட்சை தெரிகிறதே" என்று பக்கத்திலிருப்பவர் சொன்ன பிறகுதான், அதுவரை தெரியாமல் இருந்த திராட்சை நமக்கும் தெரிகிறது.

ருசி பார்க்கும் முறை எளிது. தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறம் பாருங்கள். லேசாகச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். பிறகு வாய் நிறைய ஒரு மிடறு எடுத்து விழுங்கிவிடுங்கள். ஒயினைப்போல் துப்பிவிட்டால் பீர் பிடிபடாது, ஏனெனில் ஹாப்ஸ் பூவின் கசப்பு விழுங்கிய பின்னரே தொண்டையில் முழுதாக மலர்கிறது. ஐஸ்போல் குளிர்ந்த பீருக்குப் பழகிய நம்மவர்களுக்கு இது வெதுவெதுப்பாகத் தோன்றும். 11 முதல் 13 டிகிரி வரையே இதற்கு உரிய குளிர்ச்சி; அதற்குமேல் குளிர்ந்தால் நாக்கு மரத்து, மணம் ஒடுங்கிவிடும்.

மைல்ட் என்ற வகையிலிருந்து ஆரம்பியுங்கள். பலரும் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம். சுரங்கத்திலும் உருக்காலையிலும் வேலை செய்து வியர்வை வழிய வெளியே வந்த தொழிலாளிகள் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னும் சில காலம் வரை விரும்பிக் குடித்த பீர் அது. சாராயச் சத்து வழக்கமாக 3, 3½ சதவிகிதமே. பெரும்பாலும் கருஞ்சிவப்பு நிறம். கசப்பைப் பின்னுக்குத் தள்ளி, வறுத்த தானியத்தின் மணத்தையும் வெல்லப் பாகின் சாயலையும் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு போகிற அந்தப் பானத்தை, உரத்த பீர்களுக்குப் பிறகு குடித்தால் தண்ணீராகத் தோன்றும். முதலில் குடித்தால், இத்தனை குறைந்த பலத்தில் இத்தனை ருசியை எப்படி அடக்கினார்கள் என்று வியக்கத் தோன்றும். காம்ரா இயக்கத்தார் மே மாதத்தையே மைல்ட் மாதமாகக் கொண்டாடுகிறார்கள்.

அடுத்து பிட்டர் வகை. அதில் பிஸ்கட் மணம் தெரிந்தால் அது மாரிஸ் ஆட்டர் என்ற பார்லியாக இருக்கக்கூடும். 1960-களில் இதே கேம்பிரிட்ஜின் டிரம்பிங்டனில் இருந்த பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம் அது. ஃபகிள், கோல்டிங் என்னும் இங்கிலீஷ் ஹாப்ஸ்களில் மண்ணும் பூவும் மணக்கும்; அமெரிக்க ஹாப்ஸில் பம்பளிமாஸும் எலுமிச்சையும் மணக்கும். ஹாப்ஸ் பீரைக் கெடாமலும் காக்கும். அந்தக் காப்போடு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனை அடுத்த போ என்னுமிடத்திலிருந்து ஹாட்ஜ்ஸன் ஆலையின் பீர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் பிரயாணம் செய்து நம் தேசத்துத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் இந்தியா பேல் ஏல் என்று பலகையில் எழுதியிருப்பதைக் காணும்போது அந்தச் சமுத்திர யாத்திரை ஞாபகத்துக்கு வரட்டும். காப்பி நிறப் போர்ட்டரும் ஸ்டவுட்டும் அதற்குப் பிறகு. பார்லி ஒயின் போன்ற பலத்த சரக்கு கடைசியில், அதுவும் மூன்றில் ஒரு பங்கு மட்டும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கூடாரத்திலேயே பாலாடைக் கட்டிக்கென்று ஒரு கடை உண்டு. முதிர்ந்த செடாரோடு பிட்டரும், நீலப் பூஞ்சணம் ஓடிய ஸ்டில்டனோடு கறுத்த பலமான பீரும் சேருகிற சேர்க்கை உத்தமமானது. இடையிடையே தண்ணீர் குடியுங்கள். காரை வீட்டிலேயே விட்டு ரயிலில் வாருங்கள். லாகிரி ஏறி நாக்கு மழுங்கிய பிறகு வாங்குகிற ஒவ்வொரு தம்ளரும் வீண்.

சனிக்கிழமை கூட்டத்தில் நல்ல பீப்பாய்கள் காலியாகிவிடுமாதலால், வாரத்தின் நடுவில் ஒரு பிற்பகலே சிலாக்கியம். வாங்கிய பீரில் காடி வாடை அடித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். விற்பனைப் பலகைக்குப் பின்னால் நிற்கிறவர்கள் சம்பளம் வாங்காமல், இந்தப் பானத்தின்மேல் உள்ள பிரியத்தால் வந்து உழைக்கிற தொண்டர்கள். எந்தப் பீப்பாய் எப்போது திறந்தது, இந்நேரம் எது பக்குவமாயிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வாங்குவதற்கு முன் அவர்களைக் கேளுங்கள்.