‘கண்ணு கலங்கிருச்சு’ என்பது விமர்சனமா?

2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்த கையோடு தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ என்று வரிசையாகப் பெரிய படங்களை முதல் காட்சி விமர்சனங்கள் கவிழ்த்துவிட்டன, இனித் திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, படம் வந்து முதல் மூன்று நாளுக்கு இணையத்தில் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. கேட்ட தடை உடனே கிடைக்கவில்லை. கிடைக்காததே நியாயம்.

அந்தச் சச்சரவில் என்னை உறுத்தியது வேறு. மைக்கைப் பார்த்துப் பேசும் இருபது வயதுக்காரர்களுக்குப் பரிந்துகொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வாதத்தைத்தான் எடுத்தார்கள். “அவங்களுக்கு என்ன தோணுச்சோ அதைச் சொல்றாங்க. அது அவங்க அனுபவம். அதுல சரி தப்புன்னு என்ன இருக்கு?” சினிமாவுக்குச் சொன்ன இந்த வாதம் இப்போது புத்தகத்துக்கும் வெப் சீரிஸுக்கும் கேமுக்கும் நீண்டுவிட்டது. கல்லூரிகளில் திறனாய்வுப் போட்டி வைப்பவர்கள்கூட, யார் ‘மனசுல இருந்து’ பேசினாரோ அவருக்கே முதல் பரிசைக் கொடுக்கிறார்கள். தடை கேட்டவர்களைவிட இந்த ஆதரவாளர்களால்தான் பிள்ளைகளுக்கு நஷ்டம் அதிகம் என்று நினைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தூத்துக்குடியில் சினிமாப் பேச்சு ஒரு காலத்தில் டீக்கடை, சலூன், தியேட்டர் வாசல் என்று ஆண்கள் கூடும் இடங்களோடு முடிந்துபோனது. இன்று ரோச் பூங்காவில் உட்கார்ந்து ஒரு பெண் ஒரு கொரியத் தொடரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிப் போனில் பதிவு பண்ணுகிறாள், போகிற வருகிறவர்களைப் பற்றிய கவலையே இல்லாமல். பெரிய பெயர்களைக் கண்டு இவர்களுக்குப் பயமில்லை. எடிட்டிங் வேறு, ஒளிப்பதிவு வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிகிறது. கேம்களைப் பற்றித் தமிழில் பொருட்படுத்திப் பேசுகிறவர்கள் இவர்கள்தான். எங்கள் தலைமுறை விமர்சகர்களுக்கு அது பிள்ளைகள் கெட்டுப்போகிற சமாச்சாரம். இவ்வளவும் சரி.

என் குறை ஒன்றுதான், பல வருஷமாகச் சொல்லிவருவதுதான். இவர்களுடைய விமர்சனத்தைக் கேட்டு முடித்தால் பேசியவரைப் பற்றி நிறையத் தெரிகிறது. எங்கே புல்லரித்தது, எங்கே போனை எடுத்துப் பார்த்தார், எந்தப் பாத்திரத்தோடு ‘கனெக்ட்’ ஆனது, எந்த இடத்தில் கண்ணு கலங்கியது, எல்லாம் வந்துவிடும். பார்த்த படமும் படித்த புத்தகமும் மட்டும் எப்படிப்பட்டவை என்று தெரியாது.

2024 ஆகஸ்டில் மாரி செல்வராஜின் ‘வாழை’ வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தாமிரபரணி வாழைத் தோட்டங்கள், கூலியாட்களோடு லாரி கவிழ்ந்த நிஜச் சம்பவம். நம் மாவட்டத்துக் கதை என்பதால் நம் ஊர்ப் பிள்ளைகள் பேசியதைத் தேடித் தேடிக் கேட்டேன். அழுதோம் என்றார்கள். வெளியே வந்து பேச்சே வரவில்லை என்றார்கள். எனக்கும் வரவில்லைதான். ஆனால் அந்த அழுகையைப் படம் எதை வைத்துக் கட்டியது? கதைக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. தார் சுமந்தால் தாருக்கு ஒரு ரூபாய் கூலி. ஏற்றிக் கேட்கிறார்கள், வேலைக்கு இறங்க மறுக்கிறார்கள், கடைசியில் வியாபாரி இறங்கி வருகிறார். கொடுத்த காசை அவர் இன்னொரு இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்: ஆட்களுக்குத் தனி வண்டி எதற்கு, தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து வரட்டும். பையன்களின் ரஜினி-கமல் சண்டை, டீச்சரின் கர்சீப் என்று நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் கணக்கைப் படம் ஓசைப்படாமல் செருகிவிடுகிறது. முடிவில் கொல்வது லாரி வாடகை. அந்த ஒரு ரூபாயிலிருந்து லாரி வரைக்கும் கோடு இழுத்துக் காட்டிய பேச்சு ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. அழுதவர்கள் எல்லோரும் விதியை நினைத்தே அழுதார்கள்.

பிறகு, தன் ‘வாழையடி’ சிறுகதையில் இதே விஷயத்தை முன்பே எழுதிவிட்டதாக எழுத்தாளர் சோ. தருமன் சொன்னார். உடனே ‘காப்பியா, இல்லையா’ என்று இரண்டு அணி. கதையைத் தேடி எடுத்துப் படித்து, உருளைக்குடிக்காரரான தருமன் அதை எழுத்தில் எப்படிப் பார்த்தார், அந்தக் கூலி வாழ்க்கைக்குள்ளேயே வளர்ந்தவர் திரையில் எப்படிப் பார்த்தார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச எவ்வளவு நல்ல சந்தர்ப்பம்! ஒரு வாரத்தில் அதுவும் அடங்கிப்போனது.

ரசனை விமர்சனம் நம் மரபுதானே என்று ஒரு பதில் வரும். ரசிகமணி டி.கே.சி. செய்யாததா? க.நா.சு. பட்டியல் போடவில்லையா? டி.கே.சி.யோடு எனக்கு நிறையச் சண்டை உண்டு. தன் காதுக்கு ஒப்பாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளிய துணிச்சல் ‘எனக்குப் பிடிக்கலை’ என்பதன் உச்சம். ஆனாலும் அவர் ஒரு பாட்டைக் கையில் எடுத்தால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, எதிரில் இருப்பவர் காதில் அதை ஏற்றிவிட்டுத்தான் ‘ஆஹா’ என்பார். நமக்கு ‘ஆஹா’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. க.நா.சு.வின் பட்டியல்களுக்குப் பின்னால் ஒரு ஆயுள்கால வாசிப்பு இருந்தது. அப்படியிருந்தும் அபிப்பிராயம் போதாது, அலசிக் காட்ட வேண்டும் என்று சி.சு. செல்லப்பா முட்டி மோதினார். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி விமர்சனத்துக்கு அவ்வளவு பக்கங்களை ஒதுக்கியவர் அவர். தமிழில் இந்த வழக்குக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ‘டாப் டென் மஸ்ட் ரீட்’ என்று ரீல்ஸ் போடும் பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குக் கேடயம் கொடுக்கும் தமிழ்த்துறைக்காரருக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

இவர்களால் முடியாது என்று நினைத்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். முடியும் என்பதற்கு அவர்களுடைய கேம் பேச்சே சாட்சி. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைபட்டு, மறு வருஷம் பிஜிஎம்ஐ என்று பெயர் மாறித் திரும்பி வந்த கதையை ஒரு பாலிடெக்னிக் மாணவர் எனக்கு விளக்கினார். எந்தத் துப்பாக்கி சுடும்போது எப்படி எகிறும், வட்டம் சுருங்கும்போது எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், முதலில் இறங்குகிறவருக்கு என்ன லாபம், என்ன ஆபத்து என்று விதி விதியாகச் சொன்னார். ஒரு இடத்திலும் ‘ஃபீல்’ என்ற சொல் வரவில்லை. சரி தம்பி, நேற்றுப் பார்த்த படம் எப்படி என்றேன். “மாஸ் சார். செகண்ட் ஹாஃப் மட்டும் லேக்.” கேமில் கவனிக்காதவர் அஞ்சாவது நிமிஷம் செத்துப்போவார். படத்தைக் கவனிக்காமல் பார்த்தாலும் யாரும் வெளியே அனுப்புவதில்லை, வெளியே வந்து மைக்கும் பிடிக்கலாம்.

அந்தக் கவனமும் விளையாட்டின் விதிகளோடு நின்றுவிடுகிறது என்பது தனிக் குறை. 2013இல் வந்த ‘அசாசின்ஸ் க்ரீட்: பிளாக் ஃபிளாக்’ கடற்கொள்ளையர் கேம். அதில் மூழ்கிய கப்பல்களுக்குள் நீந்திப் புதையல் எடுக்கும் பகுதி உண்டு. மூச்சு குறைந்துகொண்டே வருவது திரையில் தெரியும். அடியில் கிடக்கும் பீப்பாய்களில் காற்றை இழுத்துக்கொள்ளலாம். சுறா வந்தால் கடற்செடிக்குள் ஒளியலாம். ‘வேற லெவல்’ என்பது இங்கே அதற்குக் கிடைக்கும் விமர்சனம். 1961 வரை அரசாங்கமே முத்துக்குளிப்பு நடத்திய கடல் எங்கள் தூத்துக்குடிக் கடல். கல்லின் பாரத்தில் இறங்கியவருக்கு மூச்சு ஒரு நிமிஷம், கொஞ்சம் கூடக் குறைய. மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் சுதாரிக்கவில்லை என்றால் இறங்கியவர் இல்லை. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் அந்தக் காலத்தில் வரும்படி உண்டு. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு, மற்ற இரண்டும் சர்க்காருக்கு என்பது நெடுங்கால வழக்கம். இந்தப் பங்குக் கணக்கு தெரிந்த ஊரில் பிறந்து அந்த கேமை ஆடுகிறவருக்கு முதலில் எது கண்ணில் பட வேண்டும்? அந்தக் கடலடியில் கயிறு பிடிக்க ஆளில்லை, பங்கு கேட்கவும் ஆளில்லை, எடுத்ததெல்லாம் எடுத்தவருக்கே. கடலில் ஒரு ஆள் தனியாகச் சம்பாதித்துவிடலாம் என்ற கற்பனைதான் அங்கே விற்பனைச் சரக்கு. மான்ட்ரியலில் அதை உருவாக்கியவர்களுக்கு இது தோன்றியிருக்காது. சங்கு குளிக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கலாம்.

புத்தகத்துக்கு வந்தால்தான் எனக்குக் கோபம் அதிகம். ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ 2009இல் வந்தது, 2013இல் சாகித்ய அகாதமி பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1914இல் தொடங்கி ஏறக்குறைய நூற்றாண்டு முழுக்கத் தூத்துக்குடியின் தோணிகள், வியாபாரம், பரதவக் குடும்பங்களின் ஏற்ற இறக்கம். நாவலில் குறை சொல்ல நிறையவே இருக்கிறது. ஆட்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிறார்கள், பலர் மனதில் நிற்பதில்லை. ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் இருந்த இறுக்கம் இதில் தளர்ந்துவிட்டது. இப்படி எதையாவது சொல்லி யாராவது திட்டினால் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். நான் கேட்பது இதுதான்: “லாங்குவேஜ் கனெக்ட் ஆகலை சார். நூறு பக்கத்துல வச்சிட்டேன்.” சொல்பவர் ‘ஒன் பீஸ்’ ரசிகர். ஆயிரம் எபிசோடு தாண்டிய அந்த அனிமேக்கு அவரிடம் பொறுமை இருக்கிறது. இல்லாத கடலின் இல்லாத தீவுகள் எல்லாம் வரிசையாகத் தெரியும், ஜப்பானியச் சொற்கள்கூடச் சரளம். கச்சான், கொண்டல், வாடை என்று மூன்று காற்றின் பெயர் வந்ததும் களைத்துப்போகிறார். புத்தகம் தன் மடியில் வந்து உட்கார வேண்டும், உட்காராவிட்டால் அது புத்தகத்தின் குற்றம் என்று நம்புகிற வாசகரை யார் வளர்த்தார்கள்? அனுபவத்தில் சரி தப்பு ஏது என்று சொன்னவர்கள்தான்.

ஒட்டிவிட்டால் மட்டும் என்ன கிடைக்கிறது? ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நம் உப்பளங்களைப் பற்றியது. அளத்தில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டுப் பேசினாள். “எங்க அம்மா கதை மாதிரியே இருந்துச்சு.” ஐந்துக்கு ஐந்து. கைதட்டினார்கள். ராஜம் கிருஷ்ணன் வெளியூர்க்காரர். வந்து, பார்த்து, விசாரித்து எழுதியவர். அவர் கண்ணுக்குத் தப்பியது என்ன, பலகை பிடித்த கையின் வெடிப்பைச் சரியாகச் சொன்னாரா, அளத்துப் பெண்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்களா என்று சொல்ல அவளைவிடத் தகுதியான விமர்சகர் தமிழ்நாட்டிலேயே கிடையாது. யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. அவள் அனுபவம் போதும் என்று அனுப்பிவைத்துவிட்டார்கள்.

தொண்ணூறு வினாடி ரீல்ஸில் அவ்வளவெல்லாம் முடியுமா என்பார்கள். முடியும். சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ 2012 நவம்பர் கடைசியில் வந்தது, மணிரத்னத்தின் ‘கடல்’ 2013 பிப்ரவரியில். இரண்டும் மணப்பாட்டில் எடுத்தவை, இரண்டிலும் ஜெயமோகனின் எழுத்து இருக்கிறது. முதல் படத்தில் ஒருவன் சொந்த வள்ளம் ஒன்று கட்டப் படும் பாடுதான் கதையின் முதுகெலும்பு: கட்டிக் கொடுப்பது யார், பணத்துக்கு எங்கே போவது, மீனவனாகப் பிறக்காதவனைக் கடலில் இறங்க ஊர் விடுமா. இரண்டாவதில் நல்லவருக்கும் சாத்தானுக்கும் நடக்கும் சண்டைக்குக் கடல் பின்னால் விரித்த நீலத் துணி. என் கருத்து இது. மணப்பாட்டிலோ ஆலந்தலையிலோ இருக்கும் ஒரு பிள்ளை இதை மறுத்து, ‘கடல்’ படத்தில் வலை இழுப்பது எத்தனை இடத்தில் வருகிறது, அவர்கள் பிடித்த மீனுக்கு யார் விலை வைக்கிறார்கள், எந்தக் காற்றில் கிளம்புகிறார்கள் என்று எண்ணிக் காட்டட்டும். படத்தை மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.