தாயுமானவரும் அத்துவிதம் என்னுஞ் சொல்லும்

ஒரு சொல் பல பொருள் தருங்கால் எப்பொருளைக் கொள்வது என்னும் ஐயத்துக்குத் தொல்காப்பியனார் சொல்லதிகாரத்திலே விடை வகுத்தனர். உடன்வரும் வினையும் இனமும் சார்புமே பொருளைத் தெளிவிப்பன என்பது அவர் கருத்து. மா பூத்தது என்புழி மரமும், மா கனைத்தது என்புழிக் குதிரையும் பெறப்படும். மா வீழ்ந்தது என்புழியோ வினை துணைசெய்யாது. ஆண்டு இன்னது என வெளிப்படக் கிளத்தல் வேண்டும் என்பதும் அவர் விதியே.

இவ்விதியை மறந்து தாயுமான சுவாமிகள் பாடல்களுக்குப் பொருளுரைப்போர் பலர். சுவாமிகள் திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரிடத்துப் (1706–1732) பணிபுரிந்து, பின் மௌனகுருவின் அருள்பெற்றுத் துறந்தவர் என்பர். அவர் பாடல்களில் 'அத்துவிதம்' என்னுஞ் சொல்லைக் கண்டதும், உயிரும் இறையும் ஒருபொருளே என்னும் ஏகான்மவாதி அவர் எனச் சிலர் துணிகின்றனர்.

அச்சொல்லின் முதனின்ற எதிர்மறை இன்மை, அன்மை, மறுதலை என்னும் மூன்றற்கும் பொது. இன்மை கொள்ளின் இரண்டாவது பொருளே இல்லை என்றாகும். அன்மை கொள்ளின், பொருள் இரண்டாயினும் பிரிவின்றி நிற்கும் என்றாகும். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தை விளக்குமிடத்து அன்மையே கொண்டார். ஏகம் என்று சுட்டுதற்கும் சுட்டுவோன் ஒருவன் உளனாதல் வேண்டுமன்றோ?

இனிச் சுவாமிகள் கருத்து யாது? எந்நாட்கண்ணியிற் குருமரபின் வணக்கம் என்னும் பகுதியில், மெய்கண்டாரோடு சார்த்தியே அவர் அத்துவிதத்தைப் போற்றுகின்றார். அதனை அடுத்துச் சந்தான குரவர் பிறரையும் வணங்குகின்றார். ஐயுற்ற சொல்லை ஆசிரியரே கிளந்து காட்டியவிடத்து, வேறு பொருள் தேடுதல் வீண். வேதாந்த சித்தாந்த சமரசம் பாடினாரே எனின், சமரசமாவது ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்துதலன்று. ஆகலின் அதுவும் அவர்க்குத் துணையாகாது.

ஈண்டு நம்மவர்க்கும் கூறத்தக்கது ஒன்றுண்டு. சார்பு என்றது நூலின் சார்பேயன்றிப் படிப்போன் சார்பன்று. முன்னரே ஒரு முடிபைத் துணிந்துகொண்டு அதனைப் பாடலுட் புகுத்துதல், ஏகான்மவாதி செய்யினும் சித்தாந்தி செய்யினும் குற்றமே. நான் நீ என்னும் வேற்றுமை தோன்றாத நிலையைச் சுவாமிகள் பாடியதும் உண்டு. அவ்விடங்களை வலிந்து திரித்தல் வேண்டா. அவை உயிர் தன்னை மறந்து அருளில் அழுந்திய அனுபவத்தைக் கூறுகின்றனவோ, பொருள்களின் எண்ணைக் கூறுகின்றனவோ என முன்னும் பின்னும் நோக்கினால் உண்மை தானே விளங்கும்.

ஆகலின், தனிச்சொல் ஒன்றைப் பற்றி வாதம் புரிதலை விடுத்து, அன்பர்கள் சுவாமிகள் திருப்பாடல் முழுவதையும் முறையே ஓதிப் பொருள் துணிவாராக.