பூப்போட்ட பீரோவும் சங்கேடா ஊஞ்சலும்

வண்ணம் தீட்டிய நாட்டார் மரச்சாமான் என்றதும் பலருக்கும் குஜராத்தின் சங்கேடா ஊஞ்சல்தான் நினைவுக்கு வரும். கடைசல் பிடித்த தேக்குக் கால்கள், அரக்குச் சிவப்பு, பொன்னிறப் பூவேலை. அழகுதான். எதனால் அழகு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பொன்னிறத்தில் பொன் கிடையாது. வெள்ளீயத்தைப் பொடித்துப் பசையில் குழைத்து, மெல்லிய தூரிகையால் கோடும் பூவும் இழுக்கிறார்கள். காய்ந்தபின் அகேட் கல்லால் தேய்த்தால் வெள்ளிபோல மினுங்கும். அதன்மேல் அரக்கு ஏறும்போது, அரக்கின் மஞ்சள் சாயலில் வெள்ளி பொன்னாகிறது. மரத்தை உருட்டிக் கடைந்த அதே சுழற்சியில்தான் நிறப் பட்டைகளும் விழுகின்றன. கடைசலை விட்டு ஓவியத்தைத் தனியே உரித்தெடுக்க வழியே இல்லை. என் முதல் அளவுகோல் இதுதான்: சாமானைச் செய்த வேலையிலிருந்தே வண்ணம் பிறந்திருக்கிறதா?

சென்னையில் ஈசிஆர் பக்கம் கிடைக்கும் ராஜஸ்தான் பாணி அலமாரிகளில் பெரும்பாலானவை இதில் தேறுவதில்லை. புது மரத்தில் நீலமும் மஞ்சளும் அடித்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியிருப்பார்கள். யார் கையும் படாத மேல் மூலை தேய்ந்திருக்கும், தினமும் விரல் படும் கைப்பிடி ஓரம் பளபளக்கும். விலை மட்டும் நிஜப் பழசுக்கு.

நம் மர மரபோ செதுக்கலை நம்பியது. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் செட்டிநாட்டு வீட்டில் இது தெரியும். வண்ணமெல்லாம் கோயில் வாகனத்துக்கும் கொலு பொம்மைக்கும் போய்விட்டது. வீட்டுச் சாமானுக்கு அது வந்து சேர்ந்தது, என் கணக்கில், இரும்பு பீரோ வழியாகத்தான்.

கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடியமர்த்தப்பட்டவர்களின் எட்டு மாடிக் குடியிருப்புகள் பெரும்பாக்கத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ 400 சதுர அடி வீட்டில் ஊஞ்சலுக்கு இடமேது? கல்யாணச் சீராகக் குட்டி யானை வண்டியில் வந்திறங்குவது பீரோ. கதவில் பூங்கொத்தோ ஜோடி மயிலோ இருக்கும். நாட்டார் கலைப் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சலுகை காட்டச் சொல்லவில்லை. பட்டறையில் தகட்டை வெல்டிங் வைத்து, பட்டி பூசித் தேய்த்து, பிரைமர் கொடுத்து, ஸ்ப்ரே கன்னில் நிறம் அடிக்கிறார்கள். அட்டையில் வெட்டிய அச்சை வைத்து இலை. தேர்ந்த கைக்காரர் என்றால், அச்சை எடுத்தபின் காம்பை மட்டும் தூரிகையால் ஒரே இழுப்பில் முடிப்பார். அந்த இழுப்பில்தான் கலை இருக்கிறது. குறையும் பெரிது: பூ கதவின் நடுவே சும்மா மிதக்கிறது. பூட்டும் கைப்பிடியும் எங்கே வருகின்றன என்று அது பார்ப்பதில்லை. ஒரு கதவைத் திறந்தால் மயில் பாதியாகிவிடும். சங்கேடாவின் பட்டை இந்தத் தப்பைச் செய்யாது.

ஆனால் வாழ்க்கையில் அதற்குள்ள பொருள் என்ற இரண்டாம் அளவுகோலுக்கு வந்தால் தராசு பீரோ பக்கம் சாய்கிறது. சங்கேடா ஊஞ்சல் நம் கூடத்தில் வெறும் அலங்காரம். பீரோ அப்படியல்ல, நெருக்கடியான வீட்டில் ஒரு பெண் தன் சாவியால் பூட்டக்கூடிய ஒரே இடம் பெரும்பாலும் அதுதான். நகை, ரேஷன் கார்டு, பட்டுப்புடவை எல்லாம் அதற்குள். அந்தச் சீருக்காக அப்பா வாங்கிய கடனையும் கணக்கில் எடுக்காமல் பூவை மட்டும் ரசிப்பது நேர்மையாகாது. சில வீடுகளில் பூவுக்குப் பின்னால் அடகுச் சீட்டும் இருக்கும். பெருமையும் சுமையும் ஒரே கதவில் இருப்பதால்தான் இதை அலங்காரம் என்று ஒதுக்க முடியவில்லை.

கைவேலையில் சங்கேடாவே முதல். அதன் புவிசார் குறியீடு தகும். வாழ்க்கையோடு ஒட்டியதில் பீரோ முந்துகிறது, கையால் தீட்டியதாக இருக்கும்வரை. அச்சடித்த படம் ஒட்டிய பீரோவுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அதில் யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. அடுத்த பீரோவுக்குச் சொல்லும்போது, கொடியைக் கைப்பிடியிலிருந்து தொடங்கி அந்தந்தக் கதவுக்குள்ளேயே முடிக்கும்படி பட்டறைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூடுதல் பணம் கேட்பார், கொடுக்கலாம்.