டேக் என்றால் 'எடு' மட்டும்தானா?

ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்கள் நாலைந்தை எடுத்து வச்சுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே அட்டவணைதான் இருக்கும். டேக், டுக், டேக்கன், பக்கத்தில் 'எடு'. மேக், மேட், மேட், பக்கத்தில் 'உருவாக்கு'. டூ என்றால் 'செய்'. மூன்று வடிவங்களில் எனக்குப் புகார் இல்லை. பக்கத்தில் இருக்கிற அந்தத் தமிழ் அர்த்தம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

முதலில் நம்ம 'போடு'வைப் பார்ப்போம். டீ போடுறோம், லைட் போடுறோம், கையெழுத்து போடுறோம், சண்டை போடுறோம், மாத்திரை போடுறோம், லீவும் போடுறோம். இங்கே அர்த்தத்தைச் சுமப்பது பெயர்ச்சொல். 'போடு' வெறும் கொக்கி. தமிழ் கற்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு, 'போடு என்றால் கீழே விடு' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் அவர் டீயை என்ன செய்வார்?

ஆங்கிலத்தில் மேக், டூ, டேக், ஹேவ், கிவ் ஐந்தும் பல இடங்களில் இதே கொக்கி வேலையைத்தான் பார்க்கின்றன. எந்தக் கொக்கி என்பதைப் பெயர்ச்சொல் தீர்மானிக்கிறது. லீவுக்கு டேக், தவறுக்கு மேக், கனவுக்கு ஹேவ். நாம் தமிழ் வினையை மொழிபெயர்த்து 'புட் லீவ்', 'டூ எ மிஸ்டேக்', 'சீ எ ட்ரீம்' என்கிறோம். 'டேக் எ போட்டோ' சரியாக அமைவது, நாமும் போட்டோ 'எடுப்பதால்' வந்த அதிர்ஷ்டம்.

சில புத்தகங்கள் விதி சொல்கின்றன: புதிதாக ஒன்றை உருவாக்கினால் மேக், வேலை என்றால் டூ. கேக்குக்கும் ஹோம்வொர்க்குக்கும் இது பொருந்தும். ஆனா 'மேக் த பெட்' என்றால் தச்சுவேலை இல்லை. படுக்கையை ஒழுங்கா விரித்து வைப்பது. போன் காலுக்கும் மேக்தான். விதியை நம்பி வாயைத் திறக்கிறவர் பாதி இடத்தில் மாட்டிக்கொள்வார்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமானதல்ல. ஹெரால்ட் பாமர் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தலை ஆராய்ந்தவர். ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து 1933-இல் அங்கேயே ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பியும் மற்றவர்களும் உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வந்தது. ஒரு வினை எந்த மாதிரி வாக்கியத்தில் உட்காரும் என்பதையும் அது காட்டியது. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டுப் புகழ்பெற்ற கற்போர் அகராதிக்கு அதுதான் மூலம். பெயர்ச்சொல்லைத் தேடினால் அதோடு சேரும் வினைகளை வரிசையாகத் தருகிற ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதி 2002-லேயே வந்துவிட்டது. நம்ம கையேடுகள் இன்னும் வினையின் பக்கத்தில் ஒற்றைச் சொல்லை எழுதிக்கொண்டிருக்கின்றன.

பெயரில் ஆரம்பிப்பதில் இன்னொரு லாபம் உண்டு. 'ஆஸ்க் எ டவுட்' நம்ம வகுப்பறைகளில் சகஜம். டவுட்டோடு சேர்பவை எவை என்று பாருங்க: ஹேவ், எக்ஸ்பிரஸ், ரெய்ஸ், காஸ்ட். ஆஸ்க் அதில் இல்லை. கோளாறு வினையில் இல்லை, பெயரில். நாம் சந்தேகம் கேட்கிறோம். அவர்கள் கேட்பது கொஸ்டின்.

அதுக்காக நம்ம ஆங்கிலம் மொத்தமும் தப்புன்னு சொல்லவும் நான் தயாரில்லை. 'ரைட் அன் எக்ஸாம்' என்பதைத் தமிழிலிருந்து வந்த பிழை என்று திருத்துகிறவர்கள் உண்டு. கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது இயல்பான வழக்கு. பிரிட்டனில் 'சிட்', அமெரிக்காவில் 'டேக்'. 'டேக் எ டெசிஷன்' பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் உண்டு. அமெரிக்கர் பெரும்பாலும் மேக் என்பார். எனவே 'இயல்பு' என்று சொல்லும் புத்தகம், யாருக்கு இயல்பு என்றும் சொல்லியாகணும்.

இதில் போவது வெறும் அழகு இல்லை. நேர்காணலில் புரோகிராமிங் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன பையன், ஒரு 'டூ எ மிஸ்டேக்'கால் ஆங்கிலம் தெரியாதவனாக எடைபோடப்படுகிறான். அவனுக்கு இலக்கணம் தெரியும். சொல்லிக்கொடுத்த அட்டவணைதான் தலைகீழ்.

நோட்டை இரண்டாகப் பிரிச்சுக்கோங்க. இடதுபக்கம் தினமும் புழங்குகிற பெயர்ச்சொற்கள்: மீட்டிங், லீவ், மிஸ்டேக், மெடிசின். வலதுபக்கம் ஒவ்வொன்றோடும் சேர்கிற வினைகள். தமிழ் அர்த்தம் எழுதணும்னா முழுத் தொடருக்கும் எழுதுங்க; வினைக்கு மட்டும் தனியா எழுதாதீங்க.