யுகாந்தமும் சேதுக்கரையும்

சேதுக்கரையில் உலகத்தின் முடிவைக் குறித்துப் பேசாத சமயம் ஒன்றுமில்லை. இராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்தில் முழுகி எழுகின்ற யாத்திரிகர், நாட்டில் நடக்கும் அக்கிரமம் எதுவாயினும் “கலி முத்திப்போச்சு” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்; கீழக்கரைப் பள்ளிவாசல்களின் பயான் உரைகளில் கியாமத் என்னும் இறுதி நாளின் அடையாளங்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்துரைக்கப்பட்டு வருகின்றன; பாம்பன், தங்கச்சிமடம் முதலிய கடலோர ஊர்களின் கத்தோலிக்கக் கோயில்களிலோ, திருவருகைக் காலத்தின் தொடக்கத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, சூரியனிலும் சந்திரனிலும் அடையாளங்கள் தோன்றிக் கடல் முழங்கும் அந்த இறுதி நாளைப் பற்றிய சுவிசேஷப் பகுதி வாசிக்கப்படுகிறது. உலகம் முழுமைக்கும் பொதுவாக உரைக்கப்பட்ட இவ்வறிவிப்பு, எப்படி ஒரு சிறு கூட்டத்தாரின் காதில் தங்களையே பெயர் சொல்லி அழைக்கும் குரலாக ஒலிக்கத் தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இத்துறையில் மேனாட்டார் எழுதிய நூல்களில் மூன்றை முதலில் குறிப்பிடுவது நியாயம். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் பெருவெள்ளம் வந்து தங்கள் தேசத்தை அழிக்குமென்று காத்திருந்த ஓர் அமெரிக்கச் சிறு குழுவினரிடையே இருந்து ஆராய்ந்து, லியோன் ஃபெஸ்டிங்கரும் அவர் துணைவரும் 1956இல் வெளியிட்ட நூல், குறித்த நாள் பொய்த்த பிறகு நம்பிக்கை தளர்வதற்குப் பதிலாகப் பிரசாரம் பெருகக்கூடும் என்ற வியப்பான முடிவைச் சொல்லிற்று. மறு ஆண்டே நார்மன் கோன், மத்திய கால ஐரோப்பாவில் வேரற்றுப்போன ஏழைகளிடையே எழுந்த ஆயிர வருட அரசாட்சிக் கனவுகளின் சரித்திரத்தை எழுதினார். 1965இல் ஸ்டீபன் ஃபூக்ஸ் இந்திய நாட்டு இயக்கங்களைத் தொகுத்து, கலகக்காரத் தீர்க்கதரிசிகள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். மூன்றும் பெரிய உழைப்பு. ஆயினும் மனத்தின் நோயையும் வயிற்றின் பசியையும் விளக்குகிற அளவுக்கு, ஓர் எளிய மனிதன் ஒரு நூலை எடுத்து வைத்துக்கொண்டு எப்படி வாசித்தான் என்பதை அவை விளக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். தீர்க்கதரிசனத்தைத் தம்மேல் ஏற்றிக்கொள்வது வெறும் ஆவேசமன்று. அது ஒரு வியாக்கியானம். அதற்கு முறையும் உண்டு.

முறை யாதெனில், யுகாந்த நூல்கள் ஆட்களின் பெயரைச் சொல்வதில்லை; ஆசனங்களை மட்டும் போட்டுவைக்கின்றன. மிருகம், அந்திக்கிறிஸ்து, தஜ்ஜால், நீசன், மீந்திருக்கும் சிறு மந்தை, வரப்போகிற மஹ்தி என்றிவ்வாறு காலியாக விடப்பட்ட இருக்கைகளில் அவ்வக்காலத்து வாசகன் தன் பகைவனையும் தன்னையும் அமர்த்துகிறான். அடுத்து வருவது கணக்கு. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயி, தானியேலின் புத்தகத்தில் வரும் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, கிறிஸ்துவுக்கு முன் 457 முதல் எண்ணி, 1843ஐயொட்டி இரட்சகர் வருவார் என்று போதித்ததும், அவரைச் சார்ந்தோர் அதை 1844 அக்டோபர் 22 என்று திருத்தியதும், அன்றிரவு விடிந்தபோது ஆயிரக்கணக்கானோர் அழுததும் இதற்குப் பிரசித்தமான உதாரணம்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையிலுள்ள திருச்செந்தூரில், 1833ஆம் ஆண்டு மாசி மாதத்தில், நோயுற்றிருந்த முத்துக்குட்டி என்பவர் கடலுள் இறங்கி, வைகுண்டராய் வெளிப்பட்டார் என்பது அவரை வழிபடும் அய்யாவழியினரின் விசுவாசம். தென் திருவிதாங்கூரில் அப்போது சாணார் குலத்தார் தலைவரியும் பனைவரியும் கொடுத்து, கூலியின்றி ஊழியம் செய்து, பெண்கள் மேலாடை அணிவதற்கும் போராட வேண்டியிருந்த காலம். 1841இல் அரிகோபாலன் சீடரால் எழுதப்பெற்றதாகக் கருதப்படும் அகிலத்திரட்டு அம்மானை, குறோணி என்ற மூல அசுரன் ஆறு துண்டங்களாக்கப்பட, அத்துண்டங்கள் யுகந்தோறும் அரக்கராய்ப் பிறந்து, கடைசியில் உருவமற்ற கலியாய் மனிதர் மனத்துள் புகுந்ததாகக் கதை சொல்கிறது. இதுவரை புராண மரபே. ஆனால் அந்நூல் கலிநீசன் என்று சுட்டுவது திருவிதாங்கூர் மன்னனை. வெண்நீசன் என்று சுட்டுவது வெள்ளையனை. தர்ம யுகத்தை ஆளப்போகிற சான்றோர் என்று சுட்டுவதோ, அந்நாளில் சந்தையிலும் சாலையிலும் ஒதுங்கி நடக்க வேண்டியிருந்த மக்களையே. எட்டு யுகங்கள் கொண்ட பிரபஞ்ச சரித்திரம் முழுவதும், பனையேறிகளின் ஒரு தலைமுறைக்காகவே நடந்து வந்ததுபோல் அங்கே திரும்பி நிற்கிறது.

இதை அகங்காரம் என்று சொல்பவர், அந்த மக்கள் காத்திருந்த விதத்தைக் கவனித்துப் பார்க்கவேண்டும். துவையல் தவசு என்ற பெயரால் எழுநூறு குடும்பத்தார் வாகைப்பதிக் கடற்கரையில் கூடி, நாளும் பலமுறை குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, மரக்கறி உணவு உண்டு தவமிருந்தனர். வைகுண்டர் வாழ்ந்த சாமிதோப்பில் தோண்டிய முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒருங்கே நீராடினர். இன்றும் அவ்வழியினரின் வழிபாட்டிடங்களாகிய பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபாட்டிற்கு நிற்கின்றனர். கர்ப்பக்கிருகத்தில் விக்கிரகத்துக்குப் பதிலாக இருப்பது நிலைக்கண்ணாடி. தலையில் துணி கட்டுவது குற்றமாயிருந்த குலத்தான், தலைப்பாகையோடு கண்ணாடியின் முன் நின்று தன்னைத் தெய்வத்தின் வாசஸ்தலமாகக் கண்டான் என்றால், தர்ம யுகம் அவனுக்கு வருங்காலச் செய்தி மாத்திரமாக இருந்திராது. அரசாங்கமும் இதை உணர்ந்தே வைகுண்டரைச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தது. ஜி. பேட்ரிக் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஒடுக்கப்பட்டோரின் சொந்தச் செயலாற்றலாக இவ்வழியை நோக்குகிறது. இதுகாறும் வந்தவற்றுள் மூலநூலுக்கு மிகுந்த மதிப்பளித்த ஆராய்ச்சிகளுள் அதுவும் ஒன்று.

இதே வாசிப்பு கிறிஸ்தவரிடையேயும் நிகழ்ந்தது. இராமநாதபுரம் ஜில்லா 1910இல் அமைக்கப்பட்டபோது அதனுள் சேர்ந்து, 1985இல் விருதுநகருக்குப் போன பகுதியில், வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டை என்றொரு கிராமம் இருக்கிறது. அதை நிறுவிய ஜான் கிறிஸ்டியான் அருளப்பன், திருநெல்வேலி மிஷனில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பின்பு பாக்தாத் வழியாக இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பிளிமத் சகோதரர் சபையாரோடு உறவு பூண்டு, எந்த மிஷனிலும் சம்பளம் பெறாமல், விசுவாசத்தை மட்டும் நம்பி ஊழியம் நடத்தினார். 1860இல் அங்கே ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. மார்பில் அடித்துக்கொண்டு அழுவோரும், விழுந்து கிடந்து தரிசனம் காண்போரும், அறியாத பாஷையில் பேசுவோருமாகச் சிறு சபைகள் கொந்தளித்தன. எழுத்தறியாத பெண்கள் ஊர் ஊராக நடந்து உபதேசித்தனர். கடைசி நாட்களில் மாமிசமான யாவர்மேலும் ஆவி ஊற்றப்படுமென்றும், குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்களென்றும் யோவேலின் ஆகமத்தில் எழுதியிருப்பது தங்களிடத்திலேயே நிறைவேறுகிறதென்று அவர்கள் கண்டார்கள். வெள்ளைக்காரப் பாதிரிமாரில் சிலர் இதைக் கொண்டாடினர். வேறு சிலர் வெறியென்று ஒதுக்கினர். மிஷன் பங்களாவின் திண்ணையில் கைகட்டி நின்று, தேவவசனத்தைப் பிறர் வாயால் கேட்டுவந்த ஜனங்கள், ஐரோப்பியரின் உத்தரவு கேளாமலே தங்களுக்குப் பேச அதிகாரம் உண்டென்று ஆகமத்தின் ஒரு வசனத்தைக் கொண்டு ஸ்தாபித்துக்கொண்டனர் என்பதே இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அருளப்பனின் நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் 1939இல் ஆங்கிலத்தில் தொகுத்தார்.

அந்த எழுப்புதலின் நெருப்பு மலை தாண்டித் திருவிதாங்கூருக்குச் சென்றது. அங்கே பிராமண குலத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1881இல் கிறிஸ்து வருவாரென்று அறிவித்தார். ஐந்தரை ஆண்டுக் கெடு வைத்ததால் அவர் கூட்டத்தாருக்கு ஐந்தரை வேதக்காரர் என்ற பெயர் வந்தது. ஆண்டு கடந்தது, வருகை கண்ணுக்குப் புலனாகவில்லை, ஆயினும் யுயோமயம் என்ற புதிய பெயரோடு சபை தொடர்ந்தது. ஃபெஸ்டிங்கர் சொன்னதற்கு முக்கால் நூற்றாண்டு முந்திய சாட்சி இது. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்துப் பக்கத்தில், மிஷனரியோடு பிணங்கி 1857இல் பிரிந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளையின் சபையார், சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்து, பழைய ஏற்பாட்டு இஸ்ரவேலரின் முறைகளைத் தழுவி நடந்தனர். பிரகாசபுரத்திலிருந்த இந்த ஓய்வுநாட்காரரிடமே, மில்லரின் ஏமாற்றத்திலிருந்து கிளைத்த அட்வென்டிஸ்டு சபையின் ஊழியர் ஜே. எஸ். ஜேம்ஸ் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வந்து சேர்ந்தார். அமெரிக்கக் குடியானவன் போட்ட கணக்கும் திருநெல்வேலிக் கிறிஸ்தவரின் சுயமரியாதையும் ஒரே பந்தியில் அமர்ந்த விந்தையை வின்சென்ட் குமரதாஸ் முதலியோரின் ஆராய்ச்சிகளை வைத்துக்கொண்டு இனிதான் முழுமையாக எழுதவேண்டும். முக்கூடலுக்கு அருகே மனுஜோதி ஆசிரமம் கண்ட பாலாசீர் லாறியை அவர் அடியார் கல்கியாகவும் கிறிஸ்துவின் மறுவருகையாகவும் ஒருங்கே கொண்டாடுவது, இரண்டு மரபின் ஆசனங்களையும் ஒருவரே நிரப்பியதற்கு உதாரணம்.

இஸ்லாமியத் தமிழில் இப்பொருள் மிகப் பழையது. இன்று நமக்குக் கிடைக்கின்ற இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும், 1572ஆம் ஆண்டைச் சார்ந்த ஆயிர மசலாவில், மறுமையையும் இறுதி நாளையும் பற்றிய வினாவிடைகள் உண்டு. அது அரபு முதல் ஜாவா மொழிவரை பரவிய ஒரு நூல் மரபின் தமிழ்க் கிளை என்பதை ரோனித் ரிச்சி 2011இல் விரிவாகக் காட்டினார். அந்த இறுதி வேளையின் அறிவு இறைவனிடம் மட்டுமே உள்ளது என்ற குர்ஆனின் போதனையால், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் ஆலிம்கள் அடையாளங்களை எச்சரிக்கையாகக் கொண்டார்களேயன்றி நாள் குறிக்கத் துணியவில்லை. மாறாக, பஞ்சாபில் காதியானைச் சேர்ந்த மிர்ஸா குலாம் அகமதின் வழியினர், 1894ஆம் ஆண்டு ரமலானில் சந்திர கிரகணமும் சூரிய கிரகணமும் ஒரே மாதத்தில் நிகழ்ந்ததைத் தங்கள் தலைவரே வாக்களிக்கப்பட்ட மஹ்தி என்பதற்கு வானத்தின் சாட்சியாகக் கொண்டனர். ஏனைய முஸ்லிம்கள் அதை ஏற்கவில்லை.

இக்கரையில் இருப்பவன் இந்த நூல்களை ஒப்பிடும்போது, மற்ற இடத்து ஆராய்ச்சியாளர் கவனிக்காத ஒன்று அவன் கண்ணில் படும். அது கடல். வெளிப்படுத்தின விசேஷத்தின் புதிய பூமியில் கடல் இல்லை. குர்ஆனின் இறுதி நாளில் கடல்கள் தீமூட்டப்பெறுகின்றன. அகிலத்திரட்டிலோ கடலே நாராயணன் மகனைப் பெற்றுத் தருகிற கருவறை. வலையும் வள்ளமுமே சொத்தாகவுடைய பரதவர் குடும்பத்தில், கடலற்ற மோட்சத்தைப் பற்றி வாசிக்கும்போது எந்தப் பொருள் தோன்றுகிறது? கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள் அதை ஆறுதலாகக் கேட்கக்கூடும். நாளை தொழிலுக்குப் போகவேண்டியவன் திகைக்கக்கூடும். சீர்காழி பிரளயத்தில் தோணியாய் மிதந்தது, கும்பகோணம் அமுதகும்பம் தங்கிய இடம், மதுரையின் எல்லையைப் பிரளயத்துக்குப் பின் பாம்பு வளைத்துக் காட்டியது என்று நம் தலபுராணங்கள் ஒவ்வொன்றும் தன் ஊரையே மிச்சமாக நிறுத்துவதும், இறையனார் களவியல் உரை தமிழ்ச் சங்கத்தையே கடல்கோளின் மீதியாகக் காட்டுவதும், இதே வாசிப்பின் மறுபுறமே.

1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் முடியப்போகிறது என்று இந்தியா முழுதும் நடுங்கி, யாகங்கள் வளர்த்தது. குறித்த நாட்கள் சாதாரணமாகக் கழிந்தன. ஏறத்தாழ மூன்றாண்டு கழித்து, எவரும் குறித்துவைக்காத 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலை அதிலிருந்தவர்களோடு கடல் வாரிக்கொண்டது. தனுஷ்கோடி என்ற துறைமுகப் பட்டினம் ஒரே இரவில் மறைந்து, வாழத் தகாத இடமென்று அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது. அங்கே இன்றும் நிற்கிற தேவாலயச் சுவரில், சுண்ணாம்பு உதிர்ந்த இடமெல்லாம் பவளப்பாறைக் கற்களின் நுண்துளைகள் தெரிகின்றன. கடலிலிருந்து எடுத்த கல்லால் கட்டிய கோயிலைக் கடலே திரும்பக் கேட்டிருக்கிறது. அவ்விரவில் பிழைத்தவர்கள் தம் பிழைப்பை எந்த வேதத்தின் எந்த வசனத்தோடு பொருத்தினார்கள் என்பதை முறையாகக் கேட்டு எழுதிய நூல் ஒன்று இருந்தால், அது இத்துறைக்கு அணிகலனாகும்.

தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறி மக்கள் போய்வந்த தலைமன்னாருக்கு அப்பால், இலங்கையில் நடந்ததையும் சொல்லாமல் விடலாகாது. புத்தர் தம் தருமம் இலங்கையில் நிலைபெறும் என்று கருதி அத்தீவைத் தேவர் காவலில் ஒப்புவித்தார் என்பது மகாவம்சம். பரிநிர்வாணத்திலிருந்து 2500 ஆண்டு நிறைந்ததாகக் கொண்டாடப்பட்ட 1956இன் புத்த ஜயந்தி, தியசேனன் என்ற அரசன் எழுந்து சாசனத்தை மீட்பான் என்ற பழைய நம்பிக்கையையும் தட்டியெழுப்பியது. அதே ஆண்டில் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டமும் நிறைவேறிற்று. சட்டத்துக்குக் காரணங்கள் பல. ஆயினும், பெரும்பான்மையும் ராஜ்யாதிகாரமும் உடைய ஒரு சமூகம் தன்னையே தீர்க்கதரிசனத்தின் பாத்திரமாக வாசிக்கும்போது, பகைவனின் ஆசனத்தில் யாரோ ஓர் அயலான் உட்கார வைக்கப்படுகிறான் என்பதை இலங்கைத் தமிழர் தம் உடம்பால் அறிவர். சிறையிலிருந்த வைகுண்டர் மன்னனை நீசன் என்றதும், சிங்காசனத்திலிருப்பவன் குடிமகனை நீசன் என்பதும் ஒரே இலக்கணத்தால் ஆன வாக்கியங்களாயினும், அவற்றை ஒரே தராசில் நிறுக்கிற ஆராய்ச்சி அநீதியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இத்துறைக்கு இன்று பெரிய குறை மூலங்களின் சிதறல். அகிலத்திரட்டு 1939இல்தான் முதலில் அச்சேறிற்று. அதன் ஏட்டுப் பிரதிகளிடையே வேறுபாடுகள் உண்டு. சட்டம்பிள்ளை சபையாரின் துண்டுப் பிரசுரங்களும், அருளப்பன் காலத்துத் தமிழ்க் கடிதங்களும், அரபுத்தமிழில் அச்சிட்ட கியாமத் நூல்களும் அவ்வவ் வீடுகளின் மரப்பெட்டிகளிலேயே பெரும்பாலும் கிடக்கின்றன. தனுஷ்கோடி அழிந்தபோது பத்து வயதாயிருந்தவருக்கு இன்று எழுபதுக்குமேல் ஆகிறது. இராமநாதபுரத்திலும் நெல்லையிலும் குமரியிலும் இக்கட்டுரையை வாசிக்கும் அன்பர்கள், தங்கள் வீட்டில் அத்தகைய ஏடோ பிரசுரமோ இருந்தால், அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் சேர்ப்பிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் புயலின் கதையை அவர்கள் பேச்சிலேயே எழுதி வைக்கவும் வேண்டும்.